ஈசான மூலையில் ஒரு குழி

பெக்கோக்காரன் இயந்திரத்தின் வாளியை மண்ணுக்கு மேலே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். நான் கீழே பார்த்தேன்.

இலையுதிர் காலத்தின் முதற் குளிர். டீசல் புகையும் ஈர மண் மணமும் கலந்து நின்றன. யூனியன்வில்லுக்கு வடக்கே, முன்பு சோளம் விளைந்த வயல் ஒன்றின் வடகிழக்கு மூலை அது. பல்லில்லாத அகன்ற வாளியால், பாய் சுருட்டுவதுபோல் மேல்மண்ணை உரித்துக்கொண்டு வந்தோம். வாளிக்குப் பக்கத்தில் நின்று மண்ணைப் பார்ப்பது என் வேலை. நிறம் மாறினால் உள்ளங்கையைக் காட்டி நிறுத்த வேண்டும். மாறாவிட்டால் விரல்களை மடக்கி 'வா' என்று காட்ட வேண்டும்.

நிறம் மாறியிருந்தது. உழுத கபில மண்ணுக்குள் ஒரு வட்டம். சாம்பல் கலந்த கறுப்பு. ஓரம் கத்தியால் கீறியதுபோல் இருந்தது. அது என்னவென்று எனக்குத் தெரியும். யார் தோண்டியது, எதற்குத் தோண்டியது, என்ன மந்திரம் சொல்லப்பட்டது என்பது வரைக்கும் தெரியும்.

நான் விரல்களை மடக்கிக் காட்டினேன். வாளி வந்தது.

மண் வேலைக்கு வந்த கதை

சென்ற இதழில் பார்க்டேலில் பலர் ஒரே அறையில் முறை வைத்துப் படுத்த கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு பெண், ஸ்காபரோ பிளாசாவில் நான் கத்தரிக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டு நின்றபோது பிடித்துக்கொண்டார்.

"அங்கிள், படுக்கைக் கதை எழுதினது காணும். மண் கிண்டின கதையை எழுதுங்கோவன். தங்கம் கிங்கம் எடுத்தனீங்களோ?"

"எடுத்தனான்," என்றேன்.

"சும்மா பகிடி விடாதேங்கோ," என்றுவிட்டு அவர் வெண்டிக்காய்ப் பக்கம் போய்விட்டார். பகிடி இல்லை. உண்மையிலேயே எடுத்தேன். அதுவும் இந்தக் கதைக்குள் வருகிறது.

யாழ்ப்பாணத்தில் நான் வரலாறு படித்துப் பட்டம் பெற்றவன். ரியூற்றரியில் உயர்தர வகுப்புக்குப் படிப்பித்தவன். இங்கே வந்து உணவகத்தில் கோப்பை கழுவினேன், தொழிற்சாலையில் பெட்டி மடித்தேன். ஒருநாள் பத்திரிகையின் பின்பக்கத்தில், தொல்லியல் அகழ்வு வேலைக்கு ஆட்கள் தேவை என்று ஒரு சின்ன விளம்பரம். நேர்முகத்தில் மண்வெட்டி பிடித்த பழக்கம் உண்டா என்று கேட்டார்கள். தோட்டக்காரன் மகன் என்றேன். பட்டத்தைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அப்படித் தொடங்கி, முழங்கால் இரண்டும் தேயும்வரை அந்த வேலையைச் செய்தேன். நன்றாகவே செய்தேன். தன்னடக்கத்துக்காக இதை மறைத்தால், பின்னால் சொல்லப்போவது விளங்காது. மண்ணின் நிறத்தை நான் பிழையாகச் சொன்னது மிகக் குறைவு. அதனால்தான் பெக்கோவுக்குப் பக்கத்தில் என்னை நிறுத்தினார்கள். நான் கை காட்டினால் வேறு யாரும் வந்து பார்ப்பதில்லை.

இந்த மாகாணத்தில், பழைய குடியிருப்பு இருந்திருக்கக்கூடிய நிலத்தில் எதையும் கட்டுமுன் அதை ஆராய வேண்டும். வீடென்றாலும் கடையென்றாலும் கோயிலென்றாலும் சட்டம் ஒன்றுதான். முதலில் உழுத வயலில் வரிசையாக, தலையைக் குனிந்துகொண்டு நடப்போம். பானை ஓடு, கல் சில்லு ஏதாவது கண்ணில் பட்டால் சின்னக் கொடி குத்துவோம். கொடிகள் ஓரிடத்தில் கூடினால் சதுரம் சதுரமாகத் தோண்டி, மண்ணை அரிதட்டில் போட்டுக் குலுக்குவோம். அதிலும் நிறைய வந்தால் பெக்கோ வரும்.

மேல்மண் போனதும் கீழே மஞ்சள் களிமண். அதைத் தட்டை மண்வாரிச் சவளால் மெல்ல மெல்லச் சீவினால் களி பளபளக்கும். அப்போதுதான் கறைகள் தெரியும். மரத்தூண் உக்கிப் போகும், அது நின்ற குழியின் நிறம் போகாது. வட்டக் கறைகள் வரிசையாக வந்து, இன்னொரு வரிசை அதற்கு எதிரே ஓடினால், அங்கே ஒரு நீள்வீடு நின்றது என்று அர்த்தம். நடுவில் சிவந்த மண் தெரிந்தால் அது அடுப்பு. பல குடும்பங்கள் ஒரே கூரையின் கீழ் இருந்த வீடு. பார்க்டேலில் இருந்த எனக்கு அதை விளங்கிக்கொள்ளச் சிரமம் இருக்கவில்லை.

காலையில் ஸ்காபரோவிலிருந்து வான் வண்டியில் போய் இறங்கும்போது, குழிகளை மூடிய படங்குத் துணியின் மேல் பனித்துளி நிற்கும். படங்கை விலக்கினால் நேற்றைய மண் அப்படியே ஈரமாக, நிறம் குறையாமல் இருக்கும். அந்த முதல் பார்வைக்காகத்தான் இவ்வளவு காலம் இந்த வேலையில் இருந்தேன் என்று நினைக்கிறேன்.

நாக்கும் வெள்ளிக்கிழமையும்

இந்தத் தொழிலில் ஒரு பழக்கம் இருந்தது. சின்னத் துண்டு ஒன்று கிடைத்தால், கல்லா எலும்பா என்று கண்ணால் சொல்ல முடியாது. நாக்கில் வைத்துப் பார்ப்போம். எலும்பென்றால் ஒட்டும். கல்லென்றால் விழும்.

நான் வெள்ளிக்கிழமைகளில் சைவம். வீட்டுக்கு வந்தால் மனைவி வாசலிலேயே நிற்பாள்.

"இண்டைக்கு வெள்ளி. உந்த எலும்புகளை நக்கிப்போட்டே வாறியள்?"

"இண்டைக்கு முழுக்கக் கல்லுத்தான்."

"கல்லெண்டு எப்பிடித் தெரியும்? நக்கித்தானே?"

இந்தப் பழக்கத்தை நிறுத்தியவர் டானியல். இந்த நிலத்தின் முதற்குடி மக்கள் தங்கள் சார்பில் ஒருவரை அகழ்விடத்துக்கு அனுப்புவார்கள். எங்கள் தலத்துக்கு வந்தவர் அவர். ஐம்பது வயதைத் தாண்டியவர், அகன்ற தோள், எப்போதும் ஒரு பச்சைத் தொப்பி. பார்த்துக்கொண்டு சும்மா நிற்கமாட்டார், அரிதட்டின் மறுகைப்பிடியைப் பிடித்துத் தானும் குலுக்குவார். ஒருநாள் நான் ஒரு துண்டை வாய்க்குக் கொண்டுபோனபோது சாதாரணமாகச் சொன்னார். (இங்கிலீசில் நடந்த பேச்சுகளை என் தமிழில் தருகிறேன்.)

"அது மான் எலும்பு என்றால் பரவாயில்லை. மான்தான் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அதன் பிறகு நான் எதையும் நாக்கில் வைக்கவில்லை. நானும் அவரும் நண்பர்களானது அன்றிலிருந்துதான்.

ஒரு சாண்

அந்த வயலை வாங்கியது எங்கள் கோயில். ஸ்காபரோவில் தொழிற்கூடம் ஒன்றை வாடகைக்கு எடுத்துப் பிள்ளையாரை வைத்திருந்தோம். பக்கத்துக் கடையில் கார்களுக்கு வர்ணம் அடிப்பார்கள், கற்பூர வாசமும் வர்ண வாசமும் சேர்ந்தே வரும். சொந்த நிலத்தில் கோபுரத்தோடு ஒரு கோயில் என்பது எல்லோருடைய ஆசை. என்னுடையதும்தான்.

நிலத்தை ஆராயும் வேலை எங்கள் நிறுவனத்துக்கு வந்தது. நான் அந்தக் கோயிலுக்குப் போகிறவன் என்று எங்கள் அகழ்விடப் பொறுப்பாளர் கிளேருக்கு முதலிலேயே சொல்லிவிட்டேன். கிளேர் நாற்பதுகளில் இருக்கும் பெண், தொல்லியலில் கலாநிதி, பேச்சில் சிக்கனம். "உங்கள் கண் எனக்குத் தெரியும். யாருடைய நிலமென்றாலும் மண் ஒன்றுதான்," என்றார்.

வசந்தத்தில் அந்த வயலில் நடந்தோம். டானியல் எனக்கு அடுத்த வரிசையில் நடந்தார். வடகிழக்குப் பக்கத்தில் கொடிகள் நெருங்கி நின்றன. பழைய ஊர் ஒன்று கீழே இருக்கிறது என்பது அன்றே தெரிந்துவிட்டது. பெக்கோ கொண்டு முழுதாகத் திறப்பது அடுத்த வருடத்துக்கு என்று முடிவாயிற்று.

இடையில் வந்தவர் நடேசன். பார்க்டேலில் எனக்கு அடுத்த படுக்கைக்காரர், இப்போது கோயில் செயலாளர்.

"அண்ணை, ஐயர் நாள் பாத்திட்டார். பூமி பூசை செய்யவேணும். ஈசான மூலையில குழி வெட்டி, நவதானியமும் பஞ்சலோகமும் வைக்க வேணுமாம்."

"அந்த மூலை ஏலாது நடேசன். அதுக்குள்ளதான் கனக்கக் கிடக்கு."

"ஈசானம் எண்டால் வடகிழக்குத்தானே. அதைத் தென்மேற்கில வைக்கேலுமே? நீங்களே சொல்லுங்கோ."

"வேலை முடியட்டும்."

"முடிய எவ்வளவு காலம்? சனம் என்னைத் தின்னுது. ஒரு சின்னக் குழிதானே அண்ணை. பூனை கிண்டினமாதிரி."

இந்த இடத்தில் நான் கிளேருக்கு ஒரு தொலைபேசி எடுத்திருக்கலாம். டானியலிடம் கேட்டிருக்கலாம். நான் என் அறிவைப் பயன்படுத்தினேன். கலப்பை போன ஆழம் வரைக்கும் மண் ஏற்கெனவே குழம்பிய மண், அதற்குள் நின்றால் பழையது எதற்கும் சேதமில்லை. இதை நானே கணக்குப் பார்த்து நடேசனுக்குத் தீர்ப்புச் சொன்னேன்.

"ஒரு சாண். அதுக்கு மேல போகாதேங்கோ."

"சாணுக்கு மேல ஒரு விரல்கூடப் போகமாட்டம்," என்றார் நடேசன்.

பூசைக்கு நான் போகவில்லை. போகாமல் விட்டால் தெரியாத மாதிரி இருக்கலாம் என்று ஒரு புத்தி.

அழகான குழி

இனி, வாளி வந்த இடத்துக்கு வருவோம். அந்த வட்டத்தைக் கண்டபோது என் எண்ணம் இதுதான்: குழி ஒரு சாண், மேல்மண் அதைவிட ஆழம், வாளி ஒரு இழுவையில் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய்விடும். கோயிலும் தப்பும், நானும் தப்புவேன்.

வாளி போனது. கீழே மஞ்சள் களி தெரிந்தது. களிக்குள் அந்தக் கறுப்பு வட்டம் அப்படியே நின்றது.

அன்று மதிய இடைவேளையில் வான் வண்டிக்குள் இருந்து நடேசனுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"எவ்வளவு ஆழம் கிண்டினீங்கள்?"

"ஏன் அண்ணை?"

"எவ்வளவு?"

"ஐயர் இடுப்பளவு வேணுமெண்டு நிண்டார். நான்தான் சண்டை பிடிச்சு முழங்காலோட நிப்பாட்டினனான். களி இறுகிப்போச்சு, அலவாங்கு போட்டுத்தான் எடுத்தது. ஓமகுண்டத்துச் சாம்பலையும் அதுக்குள்ளதான் கொட்டினது. ஏன், ஏதும் பிழையோ?"

மேல்மண் இருந்தவரைக்கும், அந்தக் குழி உழுத மண்ணை வெட்டிக்கொண்டு இறங்கியது தெரியும். உழுததற்குப் பிறகு தோண்டியது, ஆகவே புதியது என்று வேலைக்கு வந்து ஒரு வருடமாகாதவர்கூடச் சொல்லிவிடுவார். அந்தச் சாட்சியம் என் கண்ணுக்கு முன்னால் மட்டும் இருந்தது. அதைத்தான் நான் வாளிக்குக் கொடுத்தேன். மிஞ்சிய அடிக்குழிக்கு வயது சொல்ல இனி யாருமில்லை.

குழியை ஒரேயடியாகத் தோண்டமாட்டோம். நடுவால் ஒரு நூல் கட்டி, ஒரு பாதியை மட்டும் எடுத்து, நின்ற பாதியின் முகத்தைப் பார்த்து வரைவோம். கிளேர் தானே முதல் பாதியை கட்டடக்காரர் பிடிக்கும் மேசன் கரண்டியால் எடுத்தார். சாம்பல் வந்தது. கருகிய சின்ன விதைகள் வந்தன. "அவரை இனம்," என்றார். இந்த நிலத்தவர்கள் சோளமும் அவரையும் பயிரிட்டவர்கள். பிறகு நகமளவில், பச்சை பூத்த செம்புத் தகடு ஒன்று. பெரிய ஏரிகளின் வடக்கிலிருந்து செம்பு இங்கே கைமாறி வந்ததுண்டு.

சுற்றி நின்றவர்கள் கிட்ட வந்து குனிந்தார்கள். சாம்பல், தானியம், செம்பு. யாரோ எதையோ வேண்டி வைத்த குழி. அந்த மட்டில் அவர்கள் நினைத்தது சரியாகத்தான் இருந்தது.

குழியின் சுவரில் நீளமாக, ஒடுக்கமாக ஒரு தடம். கிளேர் அதை விரலால் தொடாமல் காட்டினார். "தோண்டுகோலின் தடம். இவ்வளவு தெளிவாக நான் பார்த்ததில்லை."

அது நடேசனின் இரும்பு அலவாங்கு.

கிளேர் முட்டாள் இல்லை. மாலையில் வாளிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது என்னிடம் தனியாக வந்தார்.

"அது அளவுக்கு மீறி அழகாக இருக்கிறது. அழகான குழிகளை நான் நம்புவதில்லை. பெக்கோ உரித்தபோது மேல்மண்ணில் ஏதாவது தெரிந்ததா?"

"இல்லை."

"கோயில்காரர் அந்த மூலையில் ஏதாவது செய்தார்களா? வேலிக் கம்பு, கொடி, ஏதாவது?"

"எனக்குத் தெரிந்து இல்லை."

அவர் தலையசைத்தார். முகத்தில் இருந்த சந்தேகம் போய் மகிழ்ச்சி வந்ததைப் பார்த்தேன். என் சொல்லை வைத்துத்தான் அது வந்தது.

சனிக்கிழமைக்கு முன்

மறுபாதியைத் தோண்ட வேண்டாம் என்று டானியல் கேட்டுக்கொண்டார். அவர்கள் சமூகத்தின் மூத்தவர், டானியலின் மாமா, சனிக்கிழமை வந்து முதலில் அதற்குரியதைச் செய்வார் என்றார். கிளேர் உடனே சம்மதித்தார். குழியைப் படங்கால் மூடினோம்.

நடேசனுக்கு விசயத்தைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தெளிவாகப் பேசினார்.

"அண்ணை, சொன்னால் கோயிலை இழுத்து வைச்சு விசாரிப்பாங்கள். சொல்லாட்டி அந்த மூலையை விடச் சொல்லுவாங்கள். விடுவம். கார் விடுற இடம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதானே?"

"விதையை ஆய்வுகூடத்துக்கு அனுப்புவினம். பயறெண்டு தெரிஞ்சிடும்."

"எப்ப தெரியும்?"

"பனி விழுந்தாப்பிறகு."

"நீங்கள் இந்த வருசத்தோட வேலையை விடுறியள். ஆர் உங்களைக் கேக்கப்போறான்? தெரியாதெண்டு இருங்கோ. ஒருத்தருக்கும் நட்டமில்லை."

அவர் சொன்னதில் ஒரு ஓட்டையும் இல்லை. கோயிலுக்கு நட்டமில்லை. கிளேருக்குப் பின்னால் கொஞ்சம் வெட்கம் வரும், ஆனால் எந்த அகழ்விலும் அப்படி நடப்பதுண்டு. எனக்கு ஒன்றும் இல்லை.

வீட்டில் சொன்னேன். மனைவி மா குழைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அந்த மனிசன் வந்து எங்கட பயறைக் கும்பிடப்போறார்?"

"ஓம்."

"உங்களுக்குச் சோறு இறங்குதே?" என்று கேட்டாள்.

வியாழக்கிழமை படம் எடுப்பதற்காக அந்தக் குழி முகத்தைத் துப்புரவாக்கச் சொன்னார் கிளேர். படங்கை விலக்கி, நீர் தெளித்து, கரண்டி விளிம்பால் சீவினேன். குழியின் தெற்குச் சுவரில், சாம்பலுக்கு வெளியே, விரல் தடிப்பில் ஒரு சிவப்புப் படை தெரிந்தது. செங்கல் சிவப்பு. சீவச் சீவ அது உள்ளே போனது. குழிக்குள் நெருப்பு எரிந்து அது சிவக்கவில்லை, நாங்கள் கொட்டியது ஆறிய சாம்பல். அது தூண் வரிசைகள் இரண்டுக்கும் நடுவில் சரியாக இருந்தது.

அடுப்பு. அந்த நீள்வீட்டின் அடுப்பு. பல குளிர்காலம் எரிந்து களியையே சுட்டிருந்தது. அதன் பாதியை எங்கள் பூசைக்குழி வெட்டி எடுத்திருந்தது. கிளேர் அந்தச் சிவப்பைக் குழியின் பகுதியாக நினைத்திருந்தார், குழி பழையது என்று நம்பியவருக்கு அப்படித்தான் தெரியும். சரியாகப் பார்க்கக்கூடியவன் நான் ஒருவன்தான். குழி யாருடையது என்று எனக்குத் தெரியுமே.

ஒரு சாண் என்று கணக்குப் பார்த்தவன் நான். வாளிக்குக் கை காட்டியவன் நான். கரண்டியைத் துடைத்துவிட்டு எழும்பினேன்.

அரிதட்டுக்குப் பக்கத்தில்

பிற்பகல் டானியலோடு அரிதட்டில் நின்றேன். அவர் ஒரு பக்கம், நான் மறுபக்கம். மண் உதிர்ந்துகொண்டிருந்தது.

"மாமாவுக்கு இப்போது நீண்ட பயணம் சரிவராது," என்றார். "மகன்காரன் ஓட்டிக்கொண்டு வருகிறான். இப்படி ஒன்று என் வாழ்நாளில் கிடைத்ததென்று சொன்னேன். தொலைபேசியில் அவர் இரண்டு முறை திரும்பச் சொல்லச் சொன்னார். பிறகு, வருகிறேன் என்றார்."

"டானியல், அது உங்களுடையது இல்லை."

அவர் குலுக்குவதை நிறுத்தவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். பூசை, சாண், அலவாங்கு, பெக்கோ, கிளேரிடம் சொன்ன இரண்டு பொய்கள். சொல்லி முடிய அரிதட்டில் கல் மட்டும் உருண்டது. அவர் அதைக் கவிழ்த்துக் கொட்டினார்.

"அந்த விதை என்ன?"

"பயறு. நாங்கள் சமைக்கிறது."

"சமைக்கிறது," என்றார். ஒரு கணம் சிரித்துவிடுவார் போலிருந்தது. சிரிக்கவில்லை. "அந்தப் பூசை எதற்கு?"

"கட்டுமுன் பூமியிடம் அனுமதி கேட்கிறது. வெட்டப்போகிறோம், பொறுத்துக்கொள் என்று."

"நல்ல வழக்கம்." தொப்பியைக் கழற்றி, மண் தட்டி, திரும்பப் போட்டார். "பூமியிடம் கேட்டீர்கள். நான் உங்களுக்குப் பக்கத்து வரிசையில் நடந்துகொண்டிருந்தேன். என்னிடம் கேட்கவில்லை."

அடுப்பைப் பற்றிச் சொன்னேன். கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். அவர் குந்தியிருந்து சிவப்புப் படையை நெடுநேரம் பார்த்தார்.

"கிளேரிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள். நான் கூட வரமாட்டேன்."

கிளேர் ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் இருந்து கேட்டார். குழியைப் பற்றி, நடேசனைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"மேல்மண்ணில் அதைப் பார்த்தீர்களா?"

"பார்த்தேன்."

"பார்த்துக்கொண்டு கை காட்டினீர்கள்."

"ஓம்."

"குழி தோண்டியது பிழை. அது நடக்கும், சரிபார்க்கலாம். ஆனால் இந்த வருடம் முழுக்க நீங்கள் கை காட்டிய எல்லா இடத்தையும் நான் இப்போது என்ன செய்வது?"

மற்ற இடங்களில் நான் ஒழுங்காகத்தான் பார்த்தேன். எனக்குத் தெரியும். அவருக்கு எப்படித் தெரியும்?

நாளைக்கு வர வேண்டாம் என்றார். நான் என் கரண்டியை எடுத்துப் பையில் வைத்தேன். வயல் வாசல் வரைக்கும் போனபின் கூப்பிட்டார்.

"சனிக்கிழமை வாருங்கள். மறுபாதியை நீங்கள்தான் எடுக்க வேண்டும். எது உங்களுடையது என்று உங்களுக்குத்தான் தெரியும்."

மறுபாதி

கோயிலுக்கு இதனால் வந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விசாரணை நடந்தது. கட்டடம் ஒரு வருடத்துக்கு மேல் பிந்தியது, வரைபடமும் தெற்கே தள்ளிப்போனது. என்னைக் கண்டால் முகத்தைத் திருப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நடேசன் என் தொலைபேசியை எடுப்பதில்லை. அவரில் எனக்குக் கோபம் இல்லை. அவர் கோயிலைத் தவிர வேறொன்றையும் யோசிக்காதவர், அதை அவர் மறைத்ததும் இல்லை. மண் என்னவென்று தெரிந்தவன் நான்.

சனிக்கிழமை காலை மறுபாதியை எடுத்தேன். எல்லோரும் சுற்றி நின்றார்கள். தேங்காய்ச் சிரட்டைத் துண்டு வந்தது. நீலக் கண்ணாடிக் கல் ஒன்று வந்தது. நகக்கண்ணில் ஒட்டக்கூடிய அளவில், மண்ணில் பளிச்சென்று, தங்கத் தகடு வந்தது. யாரோ ஒருவர் இருமுவதுபோல் சிரிப்பை அடக்கினார். ஒவ்வொன்றையும் கிளேரிடம் கொடுத்து, இன்னது என்று சொன்னேன். ஒரு வகுப்பில் பாடம் சொல்வதுபோல் என் குரல் தெளிவாக இருந்தது, எனக்கே ஆச்சரியம்.

குழி வெறுமையானபோது டானியலின் மாமா வந்தார். வராமல் விடுவார் என்று நினைத்திருந்தேன். டானியல் முதல்நாளே எல்லாம் சொல்லியிருந்தாராம், அப்படியென்றால் அடுப்பைப் பார்க்க வருகிறேன் என்றாராம். மெலிந்த மனிதர், காதில் கருவி. மகனின் கையைப் பிடித்துக்கொண்டு களியில் மெல்ல நடந்து வந்தார்.

"குழி வெட்டியவர் யார்?" என்று கேட்டார்.

"நான் வெட்டச் சொன்னேன்," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கடுமை இல்லை, கனிவும் இல்லை. வேலையாளைப் பார்க்கும் பார்வை. பிறகு சிவந்த மண்ணைக் காட்டினார். வெட்டுண்ட இடத்தில் அது நேராக முடிந்து நின்றது.

"முழுதாக இருந்தபோது எவ்வளவு பெரிது?"

நான் வெறுங்குழிக்குள் இறங்கினேன். எஞ்சிய அடுப்புப் பாதியின் வளைவைக் கண்ணால் அளந்து, கரண்டி நுனியால் எதிர்ப்பக்கக் களியில் மறுபாதி வளைவைக் கீறினேன். அந்தக் கோட்டை நான் நன்றாகவே கீறினேன்.

"இவ்வளவு," என்றேன்.

"நிச்சயமா?"

"இல்லை. இருக்கிற பாதியைப் பார்த்துச் சொல்கிறேன். இல்லாத பாதி எனக்குத் தெரியாது."

அவர் தலையசைத்தார். டானியலின் தோளைப் பிடித்துக் குனிந்து, சட்டைப் பையிலிருந்து காணிக்கைப் புகையிலையை எடுத்து, சிவந்த மண்ணின்மேல் தூவினார். தங்கள் மொழியில் மெதுவாக நெடுநேரம் பேசினார். பெக்கோக்காரனும் இயந்திரத்தை அணைத்துவிட்டு இறங்கி நின்றான்.

நான் கீறிய பாதியில் அவர் ஒன்றும் வைக்கவில்லை.